மஞ்சள் கடிதமும் அடமானப் பொருளும்



கடன் தாங்காமல் ஒருவர் நொடித்துப் போனால், ‘அவர் மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டார்’ என்று சொல்வது நம் நாட்டு வழக்கு. சற்றே சட்டம் அறிந்தவர்கள் ‘ஐ.பி. கொடுத்துவிட்டார்’ என்பார்கள். இன்சால்வென்சி பெட்டிஷன் என்னும் நீண்ட பெயரின் சுருக்கம் அது. எப்படிச் சொன்னாலும் கேட்பவர் மனத்தில் எழும் எண்ணம் ஒன்றே. அந்தக் கடிதம் நீதிமன்றம் போய்ச் சேர்ந்த அன்றே கடனெல்லாம் கரைந்துவிட்டது. கடன் கொடுத்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டியதுதான் என்று நினைக்கிறோம். நானும் என் வாழ்நாளின் பெரும்பகுதி அப்படித்தான் எண்ணியிருந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பித்தவன் நான். அக்பர் காலத்து நிலவரி முறையை உறக்கத்திலும் சொல்லுவேன். என் தெருவில் நாள்தோறும் பேசப்படும் கடனுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை ஓய்வு பெற்ற பின்னரே, அதுவும் பிறர் கேட்டதனாலேயே, தேடிப் படித்தேன்.

கேட்டவர் என் பழைய மாணவர். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் நான்கு தறிகள் வைத்துப் பட்டு நெய்விப்பவர். சேலைகளைச் சென்னைக் கடைகளுக்கு எடுத்துச் செல்லவும், மற்ற நாட்களில் வாடகைக்கு விடவும் உதவும் என்று கடனில் ஒரு கார் வாங்கினார். மைத்துனர் ஜாமீன் கையெழுத்திட்டார். 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்று வந்தது. கலியாணங்கள் நின்றன, நெய்த சேலைகள் அலமாரியில் அடுக்கப்பட்டன, காரும் வாசலில் நின்றது. தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி ஆறு மாதம் வரை அனுமதி தந்தது உண்மைதான். ஆனால் தள்ளிவைத்த தவணைக்கும் வட்டி உண்டு. அதன் பிறகு அவர் தலை நிமிரவே இல்லை. ஜரிகைக் கடைக்குப் பாக்கி, உறவினரிடம் கைமாற்று, சீட்டுப் பணம் என்று கடன் கிளைத்தது. ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “ஐயா, மஞ்சள் கடிதம் கொடுத்துட்டா காரை எடுத்துக்கிட்டுப் போக முடியாது இல்லீங்களா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடப் போய் நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

முதலில் நம் மொழியைப் பாருங்கள். கைமாற்று, அடகு, ஒற்றி, போக்கியம், அடமானம் என்று கடனுக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! கைமாற்று என்பது முகத்தை நம்பிக் கொடுப்பது. அடகு என்பது நகையைக் கொடுத்துப் பணம் பெறுவது. ஒற்றியிலும் போக்கியத்திலும் நிலமோ வீடோ கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும். அவர் அதனை ஆண்டு அனுபவிப்பார். அடமானத்தில் பொருள் நம்மிடமே இருக்கும். ஆனால் அதன்மேல் அவருக்கு ஒரு பிடி இருக்கும். பெயர்கள் பலவானாலும் வகை இரண்டே: ஆளைப் பற்றி நிற்கும் கடன் ஒன்று, பொருளைப் பற்றி நிற்கும் கடன் மற்றொன்று. திவால் சட்டத்தின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையே கோடு கிழித்த வரலாறுதான். மஞ்சள் கடிதம் ஆளை விடுவிக்கும். ஈடாக நிற்கும் பொருளை விடுவிக்காது. இது நம் மக்களுக்குத் தெரியவில்லை என்பதே என் குறை.

ஆளை விடுவிப்பது என்பதுகூட எளிதில் வந்ததன்று. நம் திவால் சட்டம் இங்கிலாந்திலிருந்து வந்ததாகையால் அந்நாட்டுக் கதையைச் சற்றே சொல்லவேண்டும். அங்கே 1542-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் முதல் திவால் சட்டம் பிறந்தது. அது கடன்காரனைக் குற்றவாளியாகவே நடத்திற்று. உள்ளதை எல்லாம் ஒளிக்காமல் ஒப்படைத்த வணிகன் மீதிக் கடனிலிருந்து விடுதலை பெறலாம் என்ற எண்ணம் 1705-இல், ஆன் அரசியின் காலத்தில்தான் சட்டமாயிற்று. அதுவும் வணிகனுக்கு மட்டும். மற்றவர்களுக்குச் சிறைதான். சார்ல்ஸ் டிக்கின்ஸ் என்னும் நாவலாசிரியரின் தந்தை ஒரு ரொட்டிக்கடைக்காரருக்கு 40 பவுன் 10 ஷில்லிங் பாக்கி வைத்ததற்காக 1824-இல் லண்டனில் மார்ஷல்ஸி சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கின்ஸ் அப்போது காலணி மைத் தொழிற்சாலையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

தந்தை விடுதலை பெற வேண்டுமானால், குடும்பத்தார் உடுத்திய துணி முதலிய சொந்தப் பொருள்களின் மதிப்பு 20 பவுனுக்கு மேற்படலாகாது என்பது அந்நாளைய விதி. மதிப்பிடும் அதிகாரியிடம் சிறுவனும் போய் நின்றான். அவன் சட்டைப்பையில் பாட்டி கொடுத்த பழைய வெள்ளிக் கடிகாரம் ஒன்று இருந்தது. அதன் ‘டிக் டிக்’ ஓசை அதிகாரியின் காதில் விழுந்துவிடுமோ என்று அஞ்சியபடியே நின்றானாம். டிக்கின்ஸ் பெரியவரான பின் தம் நண்பர் ஃபார்ஸ்டரிடம் இதைத் தெரிவித்தார். ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றிருக்கிறது. கடனாளியின் வீட்டுப் பிள்ளை எதை எண்ணி நடுங்குகிறான் என்பதை இதைவிட நன்றாக விளக்கும் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த 20 பவுனை நினைவில் வையுங்கள். அது கப்பலேறி நம் ஊருக்கு வந்தது. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் 1828-இலேயே திவால் நீதிமன்றங்கள் ஏற்பட்டன. பின்னர் 1909-இல் மாகாணத் தலைநகர்த் திவால் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, திவாலானவர் தம் தொழிற்கருவி, உடுப்பு, படுக்கை, சமையல் பாத்திரம் ஆகியவற்றை எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்புக்கு மேற்படாமல் வைத்துக்கொள்ளலாம். ஏன் 300? அக்காலத்தில் 15 ரூபாய் ஒரு பவுன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 ரூபாய் என்பது சரியாக 20 பவுன்! லண்டன் சட்டத்தில் இருந்த தொகையைச் சென்னை வெயிலுக்கு ஏற்ற சட்டையாக மாற்றித் தைக்காமல், அப்படியே ரூபாயில் எழுதிவிட்டார்கள்.

அச்சட்டம் பிறந்த காலத்தில் சென்னை மக்கள் ஒரு பெரிய திவாலை அப்போதுதான் கண்டு முடித்திருந்தனர். 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி என்னும் வெள்ளையர் வணிக நிறுவனம் கவிழ்ந்தது. ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், கோயில் பணம் வைத்திருந்தவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அதில் வைப்புத்தொகை போட்டிருந்தனர். நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மறு ஆண்டு பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்த அதிர்ச்சியிலிருந்தே வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. அது எல்லாரும் அறிந்த கதை. நம் பொருளுக்கு வேண்டியது வேறு. பணம் போட்ட மக்களின் கையில் இருந்தது ரசீது மட்டுமே. அதற்கு ஈடாக எந்தக் கட்டடமும் எந்தச் சரக்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆகவே அவர்கள் ஆளைப் பற்றி நிற்கும் கடன் கொடுத்தவர்கள். எஞ்சியதைப் பங்கு போடும்வரை வரிசையில் காத்திருக்கவேண்டியவர்கள்.

இனிக் காஞ்சிக்கு வருவோம். சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் சட்டம் வேறு. வெளியூர்களுக்கென 1907-இல் மாகாணத் திவால் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1920-இல் புதிய மாகாணத் திவால் சட்டம் ஏற்பட்டது. சென்னையில் உயர்நீதிமன்றமும் ‘அஃபிஷியல் அசைனி’ என்ற அதிகாரியும். எங்களுக்கு மாவட்ட அளவிலான நீதிமன்றமும் ‘அஃபிஷியல் ரிசீவர்’ என்ற அதிகாரியும். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் கடனாளி தாமே மனுச் செய்யலாம் என்கிறது 1920-ஆம் ஆண்டுச் சட்டம். நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என அறிவித்தால் அவருடைய சொத்து அதிகாரியின் கைக்குப் போகும். அதை விற்றுக் கடன்காரர்களுக்கு விகிதப்படி பங்கிடுவார்கள். குறித்த காலத்துக்குள் அவர் விடுதலை ஆணை கேட்டுப் பெறவேண்டும். இந்த இரண்டாம் படியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விடுதலை பெறாத திவாலாளர் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உறுப்பினராக இருக்க முடியாது என்று அரசியலமைப்புச் சட்டமே கூறுகிறது. மஞ்சள் கடிதம் என்பது ஒரே நாளில் முடிகிற காரியம் அன்று.

2016-இல் நாடாளுமன்றம் புதிய திவால் சட்டத் தொகுப்பை இயற்றியதும், அதில் தனி மனிதர்களுக்கும் ஒரு பகுதி எழுதியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆயினும் 2019 டிசம்பர் 1-ஆம் நாள் அப்பகுதி நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது, கம்பெனிகளின் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டுமே. நெசவாளிக்கும் ஆசிரியனுக்கும் அது வரவில்லை. ஆகையால்தான் நூறாண்டுப் பழைய சட்டத்தை நான் புரட்ட நேர்ந்தது.

அந்தப் பழைய சட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு நன்மை இருக்கிறது. சென்னையில் விதித்த 300 ரூபாய் வரம்பு அதில் இல்லை. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு எந்தெந்தப் பொருள்களை ஜப்தி செய்யலாகாது என்று கூறுகிறதோ அவை திவாலிலும் தப்பும். அந்தப் பட்டியலைப் படித்தபோது என் மனம் நெகிழ்ந்தது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றலாகாத அணி, அதாவது நம் தாலி, உழவனின் ஏர், மாடு, விதை நெல், கைவினைஞனின் கருவிகள். கைவினைஞனின் கருவி என்றால் பிள்ளையார்பாளையத்தில் அது தறி! குழியில் கால் தொங்கவிட்டு ஓட்டும் தறி, நாடா, அச்சு, விழுது எல்லாம் அடங்கும். ஜரிகைக் கடைக்காரர் தீர்ப்புப் பெற்றுக்கொண்டு வந்தாலும் தறியைக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

தறியில் ஏறியிருக்கும் பட்டு யாருடையது என்று ஒரு மாணவன் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். கூலிக்கு நெய்பவர் வீட்டுப் பாவும் ஜரிகையும் முதலாளியுடையவை. அது ஊரறிந்த செய்தியாகையால் அதைத் தம் பொருள் என்று கடனாளியும் சொல்ல முடியாது. கடன் கொடுத்தவரும் நினைக்க முடியாது.

இங்கேதான் நான் கோடு என்று சொன்னது வருகிறது. இந்தப் பாதுகாப்பெல்லாம் பிறர் வந்து எடுப்பதற்கு எதிரானது. தாமே மனமொப்பிப் பத்திரம் எழுதி ஈடு வைத்த பொருளுக்கு இந்தக் காப்பு இல்லை. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஈடு பெற்ற கடன்காரர் தம் ஈட்டை விற்றுப் பணமாக்கும் உரிமையைத் திவால் அறிவிப்பு எவ்வகையிலும் தடுக்காது. மற்றக் கடன்காரர்கள் நீதிமன்ற வாசலில் நிறுத்தப்படுவார்கள். இவர் ஒருவர் மட்டும் பக்கத்து வாயில் வழியாக நடந்து போகலாம்.

47-ஆம் பிரிவு அவருக்கு மூன்று வழிகளைத் திறந்து வைக்கிறது. நான் கணக்கு வாத்தியார் இல்லாவிட்டாலும் ஒரு கணக்குப் போடுகிறேன். கார்க் கடனில் பாக்கி 4,00,000 ரூபாய் என்றும், இன்றைய நிலையில் கார் 2,50,000 ரூபாய்க்கு விலைபோகும் என்றும் கொள்வோம். மற்றச் சொத்துகளை விற்றதில் கடன்காரர்களுக்கு ரூபாய்க்கு இருபது காசு வீதம் தேறுகிறது என்றும் கொள்வோம். கடன் கொடுத்தவர் காரை விற்று 2,50,000 ரூபாயை எடுத்துக்கொண்டு, எஞ்சிய 1,50,000 ரூபாய்க்கு மற்றவர்களோடு வரிசையில் நிற்கலாம். அதற்கு 30,000 ரூபாய் கிடைக்கும். ஆக அவருக்கு 2,80,000. அல்லது காரைப் பொதுத் தொகுப்பில் விட்டுவிட்டு, முழு 4,00,000 ரூபாய்க்கும் சாதாரணக் கடன்காரராக நிற்கலாம். அப்போது கிடைப்பது 80,000 ரூபாயும், கார் சேர்ந்ததனால் பங்கில் ஏறும் சிறு தொகையுமே. இந்த வழியை யார் எடுப்பார் என்று கேட்காதீர்கள். ஆனால் சட்டம் அதையும் எழுதி வைத்திருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால், காரை விற்காமல் அதற்கு ஒரு மதிப்புச் சொல்லி, குறையும் தொகைக்கு மட்டும் பங்கு கேட்கலாம். அப்படிச் சொன்னால் அதே மதிப்பைக் கொடுத்துக் காரை மீட்டுக்கொள்ளும் உரிமை நீதிமன்றத்துக்கு உண்டு. ஆகவே அவர் வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டுப் பங்கைப் பெருக்கிக்கொள்ள முடியாது. கடனுக்கு மேல் விலை போனால் மிச்சத்தை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆக, நகைக்கடன் வைத்தவரின் நகையும், கடனில் வாங்கியவரின் காரும் மஞ்சள் கடிதத்தினால் தப்புவதில்லை. மனு எழுதும் முன் காரை மைத்துனர் பெயருக்கு மாற்றிவிட்டால் என்ன என்று சிலர் எண்ணுவார்கள். உரிய விலை பெறாமல் செய்த அத்தகைய மாற்றத்தை, மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்ததானால் நீதிமன்றம் தள்ளிவிட முடியும். அதுவன்றி, காரைப் பொறுத்தவரை அது முடியவே முடியாது. கடன் கொடுத்தவரின் பெயர் வண்டியின் பதிவுச் சான்றிதழிலேயே ஏறியிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி அவருடைய சம்மதமின்றிப் பெயர் மாறாது.

கார்க் கடனுக்குத் தமிழ்நாட்டில் தனியான ஒரு வரலாறு உண்டு. 1954-இல் டி. எஸ். சந்தானம் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். லாரியும் பஸ்ஸும் வாங்க விரும்பியவர்கள் அந்த வாடகைக் கொள்முதல் முறையால் தொழிலதிபர்களாயினர். அந்த முறையின் நுட்பத்தைக் கவனியுங்கள். வண்டி வாங்கியவருக்கு அது சொந்தமே இல்லை. கடைசித் தவணை கட்டும்வரை அவர் வாடகைக்காரர். சொந்தமில்லாத பொருள் திவாலில் பங்கு போடப்படுவது எங்ஙனம்? ஈடு பெற்றவரின் பிடியை இன்னும் ஒரு படி இறுக்கி, பொருளையே தம் பெயரில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. வாடகைக்காரர்களைக் காக்க 1972-இல் ஒரு வாடகைக் கொள்முதல் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வியப்பு என்னவென்றால் அது ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை, 2005-இல் நீக்கப்பட்டுவிட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் புத்தகத்தில் மட்டும் வாழ்ந்த சட்டம்! இப்போது பெரும்பாலான கார்க் கடன்கள் வேறு வகை. வண்டி நம் சொந்தம். அதன்மேல் வங்கிக்கு ஈட்டுரிமை. தவணை தவறினால் வண்டியை எடுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தாலும், அடியாட்களை அனுப்பி வழிமறித்துப் பறிக்கலாகாது, சட்ட வழியிலேதான் மீட்க வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொல்லிற்று. ஈட்டின்மேல் உரிமை உண்டு, ஆளின்மேல் இல்லை.

ஆளின்மேல் இல்லை என்பதை நம் நாடு கற்றுக்கொள்ள நெடுநாள் ஆயிற்று. கடனுக்காகச் சிறையில் அடைக்கும் விதி இன்னும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் 1980-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், கொடுக்க வழியிருந்தும் கொடுக்க மறுப்பவனையன்றி, வெறும் வறுமையால் கொடுக்க முடியாதவனைச் சிறையிலிடலாகாது என்று தீர்ப்பளித்தார். சிறை போகட்டும், மனிதனையே ஈடாக வைக்கும் வழக்கம் ஒன்று எங்கள் தெருவிலேயே இருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் உண்டு, சொல்லியே ஆகவேண்டும்.

1980-களின் பிற்பகுதி. நான் இளம் ஆசிரியன். ஐந்தாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் அமரும் ஒரு சிறுவன் கோடை விடுமுறைக்குப் பின் வரவில்லை. வீடு தேடிப் போனேன். தந்தை ஒரு தறிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தார். பையன் அங்கே துணைக்கு உட்கார்ந்து ஊடை கோத்துக்கொண்டிருந்தான். முன்பணம் தீரும்வரை அவன் எழ முடியாது. கூலியில் ஒரு பகுதி கழிக்கப்படும். ஆனால் பண்டிகைக்கு ஒரு தொகை, தாயின் நோய்க்கு ஒரு தொகை என்று முன்பணம் ஏறுமே தவிர இறங்காது. “வாங்கின பணத்தைக் குடுக்காம எப்படிக் கூப்பிடறதுங்க, சார்?” என்று அந்தத் தந்தை கேட்டார். நேர்மையான மனிதர். நாங்கள் ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து 600 ரூபாய் திரட்டிக் கொடுத்துப் பையனை அழைத்து வந்தோம். பெரிய தர்மம் செய்துவிட்டதாக அன்று எனக்குப் பெருமிதம்.

பின்னாளில்தான் படித்தேன். குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-லேயே ஒரு சட்டம் இருந்தது. விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் முன்பணம் வாங்கிக் குழந்தைகளை ஒப்படைக்கும் கொடுமையை எடுத்துக் காட்டியதன் விளைவு அது. மேலும் 1975 அக்டோபர் 25 முதல் நடைமுறைக்கு வந்து, 1976-இல் நிலையான சட்டமாகிய கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனையே இல்லை என்று ஆக்கிவிட்டிருந்தது. அதன் 7-ஆம் பிரிவைக் கவனியுங்கள். கொத்தடிமைக் கடனுக்காக ஏதேனும் பொருள் அடமானத்தில் இருந்தால் அந்த அடமானமும் அறுந்துபோகும். திவால் சட்டம் ஈட்டைத் தொடுவதில்லை என்று இவ்வளவு நேரம் சொன்னேன் அல்லவா? மனிதனே ஈடாக நிற்கும் கடனில் மட்டும் சட்டம் தன் கோட்டைத் தாண்டி வந்து பொருளையும் சேர்த்து விடுவித்திருக்கிறது. நாங்கள் அந்த 600 ரூபாயில் ஒரு காசும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் வந்து பத்தாண்டுக்கு மேலாகியும் ஆசிரியர்கள் நால்வரில் ஒருவருக்கும் அது தெரியாது. எங்கள் பயிற்சிப் பள்ளியில் கரும்பலகையில் எழுதும் முறை சொல்லித் தந்தார்கள். இதைச் சொல்லித் தரவில்லை. 2003-ஆம் ஆண்டிலும் காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் குழந்தைக் கொத்தடிமை பற்றி ஒரு பன்னாட்டு மனித உரிமை அமைப்பு அறிக்கை வெளியிட்டது என்றால், தெரியாதிருந்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர் என்பது விளங்கும்.

இத்தனைக்கும் கடனை வேறுவிதமாகக் கொடுக்கலாம் என்று இந்தியாவுக்குக் காட்டிய ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பா சென்று கூட்டுறவுக் கடன் முறைகளை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் சென்னை அரசுக்கு அறிக்கை அளித்தார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் பதிவான காஞ்சிபுரம் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கமே நாட்டின் முதல் நகரக் கடன் சங்கம் என்பர். பொருளை ஈடாகக் கேட்காமல், ஒருவரை ஒருவர் அறிந்த அண்டை அயலாரின் கூட்டுப் பொறுப்பை நம்பிக் கடன் தருவது அதன் கருத்து. பின்னாளில் எழுந்த பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் முதலாளியின் முன்பணத்துக்கு ஒரு மாற்றுவழி திறந்தன. ஆனால் எல்லாத் தறிகளும் அதற்குள் வரவில்லை. 1938-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அதுவரை சேர்ந்திருந்த வட்டியைத் தள்ளுபடி செய்தது. அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது. மிகப் பெரிய சட்டம்தான். ஆயினும் அது உழவருக்கு உரியது. நிலமில்லாமல் தறியை மட்டும் நம்பியிருந்தவருக்கு அதில் இடமில்லை.

என் மாணவருக்கு நான் என்ன சொன்னேன்? தறிகள் நான்கையும் எவரும் தொட முடியாது என்றேன்; முகம் மலர்ந்தது. கார் போகும் என்றேன், வாடியது. அடுத்துச் சொன்னதுதான் கடினமாக இருந்தது. திவாலாளருக்கு விடுதலை ஆணை கிடைத்தாலும் அவருக்கு ஜாமீன் நின்றவரை அது விடுவிக்காது என்பது 44-ஆம் பிரிவு. காரை விற்றுக் குறையும் தொகைக்கு மைத்துனர் வீட்டுக் கதவு தட்டப்படும். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவன் நான் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டான், ஐயா” என்றார். மூன்றாம் பெஞ்சில் இருந்த சிறுவனின் முகம் அப்போது எனக்குத் தெரிந்தது. ஆம், 600 ரூபாய்க்கு நாங்கள் மீட்டு வந்தவர் இவரேதான்.

வழக்கறிஞர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் சொன்ன யோசனைப்படி, வண்டியைத் தூக்க ஆள் வரும்வரை காத்திராமல், கடன் கொடுத்தவரிடம் தாமே போய் நிலைமையை எழுத்தில் தெரிவித்தார். அவர்கள் சம்மதத்தோடு அரக்கோணத்தில் ஒருவருக்குக் கார் விற்கப்பட்டது. ஏலத்தில் போவதைவிடக் கூடுதல் விலை கிடைத்தது என்று வழக்கறிஞர் சொன்னார். குறைந்த தொகையை மாதத் தவணையாக்கிக்கொண்டார்கள். ஜரிகைக் கடைக்காரரும் அவகாசம் தந்தார். திவால் மனு தட்டச்சு செய்யப்பட்டு, கையொப்பமின்றி வழக்கறிஞரின் கோப்பில் இருக்கிறது. மைத்துனர் இன்னும் வீட்டுக்கு வருவதில்லை. தறிகளில் மூன்று ஓடுகின்றன; நான்காவதற்குப் பாவு வாங்கப் பணம் சேரவில்லை.

அவருடைய மகள் கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஈடு பெற்ற கடன்காரருக்கு உள்ள மூன்று வழிகளைப் பற்றிப் பாடத்தில் வருகிறதா என்று கேட்டேன். கம்பெனி திவாலானால் என்ன ஆகும் என்று வருகிறதாம். மனிதர் திவாலானால் என்ன ஆகும் என்று வரவில்லையாம். என்னிடமிருந்த சட்டப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். இன்னும் திருப்பித் தரவில்லை.